தொலைவு யாருடைய அளவு? தெற்கு லோனாக் ஏரியை முன்வைத்து ஒரு மறுப்பு

அண்மையில் ஒரு கருத்தரங்கில் இமயமலைப் பனியாற்று ஏரிகளின் இடர் மதிப்பீடு குறித்த கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. வாசித்தவர் என்னைப் போன்ற ஓர் ஆய்வு மாணவர். திரையில் நீலப் புள்ளிகளாக ஏரிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 10 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். அவற்றுள் ஒன்றைச் சுட்டி அவர் சொன்னார்: "இது மிகவும் தொலைதூர ஏரி. வட்டத்துக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை. எனவே மக்கள்சார் வெளிப்பாடு ஏறத்தாழச் சுழியம்." அரங்கில் மூத்த பேராசிரியர்கள் இருந்தனர். எவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. கேள்வி நேரத்தில் செயற்கைக்கோள் படிமத்தின் பிரிதிறன் பற்றி ஒரு பாதுகாப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டேன்.

அன்று பேசாமல் இருந்ததற்கான கழுவாயாகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். என் வாதம் இதுதான்: "தொலைதூரம்" என்பது ஓர் ஏரியின் புவியியல் பண்பு இல்லை. அது, பார்ப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதைப் பற்றிய தகவல். அந்தத் தகவலை ஏரியின் இயல்பாகப் பதிவுசெய்து, அதிலிருந்து மனித உயிர்களின் கணக்கைப் பெறுவது பிழை. அந்தப் பிழையைச் செய்துகொண்டிருப்பது அரசு மட்டுமன்று, நம் துறையும்தான்.

எடுத்துக்காட்டாகத் தெற்கு லோனாக் ஏரியையே கொள்கிறேன். என் ஆய்வேட்டின் மையமும் அதுவே.

வடக்குச் சிக்கிமில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,200 மீட்டர் உயரத்தில், திபெத் எல்லைக்கும் கஞ்சன்ஜங்கா மலைத்தொகுதிக்கும் இடைப்பட்ட லோனாக் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது அந்த ஏரி. தெற்கு லோனாக் பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகுநீர் தேங்கியதால் உருவானது. அதன் கரையைப் பாறை என்று சொல்ல இயலாது. பனியாறு தன் முன்னேற்றத்தின்போது தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல், மணல், களிமண், அவற்றினுள் புதைந்த பனிக்கட்டி ஆகியவற்றின் கலவையே அது. மொரைன் என்று பாடநூல்களில் படிக்கிறோமே, அதுதான். எவரும் திட்டமிடாத, எவரும் தரச்சோதனை செய்யாத ஓர் அணை. அந்த அணையை இறுக்கிப் பிடித்திருப்பதில் உறைநிலைக்கும் பெரும் பங்கு உண்டு. வெப்பநிலை உயரும்போது ஏரி பெரிதாகிறது. அதே வெப்பத்தால் ஏரியைத் தாங்கும் சரிவும் தளர்கிறது.

எண்களைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படிமங்களை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால், 1962க்கும் 2008க்கும் இடையே அந்தப் பனியாறு சுமார் 1.9 கிலோமீட்டர் பின்வாங்கியுள்ளது. 1977இல் ஏறத்தாழ 18 ஹெக்டேராக இருந்த ஏரி 2008இல் ஏறத்தாழ 99 ஹெக்டேராக விரிந்தது. இவை இந்திய அறிவியலாளர்கள் 2013இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்குகள். உடைப்புக்கான வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் அப்போதே எச்சரித்தனர். 2016இல் நெகிழிக் குழாய்களை மேலே கொண்டுசென்று ஏரிநீரை ஓரளவு வெளியேற்றும் முயற்சியும் நடந்தது. 2021இல் 'ஜியோமார்ஃபாலஜி' இதழில் வெளியான ஆய்வு, எதிர்கால வெள்ளம் எவ்வழியே பாயும் என்பதை மாதிரியாக்கியது. 2023 செப்டம்பர் 28 அன்று ஏரியின் பரப்பு 167.4 ஹெக்டேர் என்று தேசியத் தொலையுணர்வு மையம் பின்னர் வெளியிட்ட படிமங்கள் காட்டின. அக்டோபர் 4 அன்று அது 60.3 ஹெக்டேர்.

இடையில் நிகழ்ந்தது என்ன? அக்டோபர் 3 இரவு, ஏரியின் பக்கவாட்டு மொரைனிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் உறைந்த மண்ணும் கல்லும் சரிந்து நீருக்குள் விழுந்தன. எழுந்த அலையின் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். அது முன்கரையை அறுத்தது. ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. கோமா சூ ஓடை வழியே இறங்கி, லாச்சென் பகுதியைக் கடந்து, அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள சுங்தாங்கை நள்ளிரவையொட்டி அடைந்தது. அங்கிருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் 60 மீட்டர் உயர அணை சில நிமிடங்களில் இல்லாமல் போயிற்று. விடிவதற்குள் வெள்ளம் சிங்தமை எட்டியது. அருகிலிருந்த பர்தாங்கில் நிறுத்தப்பட்டிருந்த ராணுவ வாகனங்களும் வீரர்களும் அடித்துச் செல்லப்பட்டனர். வெள்ளம் சுமந்துசென்ற வெடிகுண்டு ஒன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்துச் சமவெளியில் வெடித்து அங்கும் உயிர் போயிற்று. மொத்தத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 70க்கும் மேற்பட்டோர் காணாமல் போயினர். வண்டல் வங்கதேசம் வரை சென்றது.

இப்போது அந்த 10 கிலோமீட்டர் வட்டத்துக்குத் திரும்புவோம். அக்டோபர் 3 மாலையில் தெற்கு லோனாக் ஏரியைச் சுற்றி அதே வட்டத்தை வரைந்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? வெளிப்பாடு ஏறத்தாழச் சுழியம். இறந்தவர்கள் எல்லோரும் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்.

வட்டம் என்பது கணினிக்கு வசதியான வடிவம். நீருக்கு அந்த வடிவம் தெரியாது. நீர் கோட்டில் செல்கிறது. சரிவு காட்டும் கோட்டில், பள்ளத்தாக்கின் அகலம் அனுமதிக்கும் கோட்டில். முதலாம் ஆண்டு மாணவருக்கும் தெரிந்த இந்த உண்மை, மென்பொருளில் "பஃபர்" என்ற பொத்தானை அழுத்தியதும் நமக்கு மறந்துவிடுகிறது. இதைப் பிறர்மீது பழியாகச் சொல்லவில்லை. என் ஆய்வேட்டின் முதல் வரைவில், மூன்றாம் இயலில், இதே வட்டம் இருந்தது. அட்டவணை அழகாக வந்தது. நெறியாளர் திருத்தியது ஒற்றுப்பிழைகளை மட்டுமே.

அடுத்து, "எவரும் வாழாத பகுதி" என்ற சொற்றொடர். லோனாக் பள்ளத்தாக்கின் முகுதாங் பகுதியில் யாக்குகளை மேய்க்கும் தோக்பா மக்கள் உள்ளனர். பருவத்துக்கேற்ப மேலும் கீழும் இடம்பெயரும் வாழ்க்கை அவர்களுடையது. கீழே லாச்செனில் ஜும்சா என்னும் மரபான ஊராட்சி முறை இன்றும் இயங்குகிறது. மேய்ச்சல் எப்போது, எந்த நிலத்தில் என்பதை முடிவுசெய்வதில் அதற்குப் பங்குண்டு. 1899இல் டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டின் குழு கஞ்சன்ஜங்காவைச் சுற்றி நடந்தபோது இதே பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ஜோன்சாங் கணவாயை நோக்கிச் சென்றது. ஆக, அது ஒரு காலத்தில் வழி. முட்டுச்சந்தாக மாறியது பிற்பாடு.

எப்போது மாறியது? 1962 போருக்குப் பின் எல்லை அடைபட்டது. மேய்ப்பர்கள் திபெத்துப் பக்கம் சென்று திரும்பும் தடங்கள் அறுந்தன. பள்ளத்தாக்கு ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியாயிற்று. இன்று ஓர் ஆய்வாளர் அங்கே செல்ல வேண்டுமென்றால் அனுமதிக் கடிதங்களின் வரிசையைக் கடக்க வேண்டும். அதே 1962ஆம் ஆண்டின் உளவுப் படிமத்தைத்தான் நாம் ஏரியின் வரலாற்றுக்கான தொடக்கப்புள்ளியாகக் கொள்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். நிலத்தில் நடந்தவர்களின் தடம் அடைபட்ட ஆண்டு, நம் துறையின் தரவு தொடங்கும் ஆண்டாக இருக்கிறது. அதற்கு முன் அந்த ஏரியைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது என்ற பாவனையில் நாம் எழுதுகிறோம். தொலைவு என்பதற்கு இங்கே ஓர் ஆண்டு இருக்கிறது, ஒரு போர் இருக்கிறது, ஓர் ஆட்சி ஏற்பாடு இருக்கிறது. இயற்கை அதைத் தரவில்லை.

இனி, எனக்கு வரக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: "அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. 2013லேயே எச்சரித்தோம். கேட்காதது அரசின் குற்றம்." இதில் பாதி உண்மை. எச்சரித்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லையென்றால் இந்தப் பதிவில் ஓர் எண்கூட இருந்திராது. ஆயினும் காலவரிசையைப் பாருங்கள். எச்சரிக்கை 2013இல். குழாய்கள் 2016இல். தீஸ்தா-3 மின்னுற்பத்தியைத் தொடங்கியது 2017இல். அதாவது ஏரி ஆபத்தானது என்று அறிந்து, அதிலிருந்து நீரை இறைக்கவும் முயன்ற பிறகு, அதே நீர்வழியில் அதே மாநிலத்தில் ஓர் அணை இயங்கத் தொடங்கியது. ஏரியை ஆராய்ந்தவர்களின் கோப்பும் அணையை இயக்கியவர்களின் கோப்பும் ஒரே மேசையில் முழுமையாகச் சந்தித்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா? 2023 செப்டம்பரில், உடைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஏரியருகே கண்காணிப்புக் கருவிகள் வைக்கப்பட்டன. முழுமையான எச்சரிக்கை அமைப்பு அமைவதற்குள் ஏரி உடைந்துவிட்டது. பத்தாண்டுகள் இருந்தன. அந்தப் பத்தாண்டுகளில் நாம் எழுதிய கட்டுரைகளின் இறுதி வரியைப் புரட்டிப் பாருங்கள்: "மேலும் ஆய்வு தேவை."

இரண்டாம் மறுப்பு: "இது இயற்கைப் பேரிடர். மொரைன் சரிவை எவரால் தடுக்க முடியும்?" சரிவைத் தடுக்க இயலாது என்பதை ஏற்கிறேன். அணையே இல்லாவிட்டாலும் அன்றிரவு வெள்ளம் வந்திருக்கும் என்பதையும் ஏற்கிறேன். நேர்மையான வாதத்துக்கு இதை ஒப்புக்கொள்வது அவசியம். ஆனால் சரிவு என்பது இடர் மட்டுமே. அது பேரிடராவது, அதன் வழியில் எதை வைத்தோம் என்பதைப் பொறுத்தது. 1985இல் நேபாளத்தின் திக் சோ ஏரி உடைந்து, கட்டிமுடிக்கப்படும் நிலையிலிருந்த நாம்சே நீர்மின் நிலையத்தை அழித்தது. 2013இல் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது. 2021 பிப்ரவரியில் சமோலியில் பாறையும் பனியும் சரிந்து இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்து, இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. ஒவ்வொரு முறையும் "எதிர்பாராதது" என்றோம். நாற்பது ஆண்டுகளாக ஒரே வகையில் நிகழ்வதை எதிர்பாராதது என்று அழைக்க, மறதியை ஒரு முறையியலாக வளர்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் மறுப்பு: "நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா?" வேண்டும். நிலக்கரியைக் குறைக்க நீர்மின்சாரம் உதவும் என்ற வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். என் கேள்வி, எந்த ஆற்றில், எந்த ஏரிக்குக் கீழே, யாருடைய ஒப்புதலுடன் என்பது. 2025 ஜனவரியில், உடைந்த அணை இருந்த இடத்தில் 118 மீட்டர் உயரக் கான்கிரீட் அணையை எழுப்புவதற்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. முன்னதைவிட ஏறத்தாழ இருமடங்கு உயரம். அதே மாத இறுதியில்தான், அந்த வெள்ளத்தின் காரணங்களை விரிவாக விளக்கிய பன்னாட்டு ஆய்வுக்கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. பேரிடரின் காரணங்கள் முழுமையாக அச்சேறும் முன்பே மறுகட்டுமானத்துக்குப் பச்சைக்கொடி.

பணத்தையும் ஒப்பிடலாம். தீஸ்தா-3 திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 14,000 கோடி ரூபாய். பனியாற்று ஏரி உடைப்பு வெள்ள ஆபத்தைக் குறைக்க, சிக்கிம், உத்தராகண்ட், இமாச்சலம், அருணாச்சலம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் சேர்த்து 2024இல் ஒப்புதல் பெற்ற தேசியத் திட்டத்தின் மதிப்பு 150 கோடி ரூபாய். ஓர் அணைக்குச் செலவிட்டதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இந்த ஒதுக்கீட்டுக்கு அறிவுத்தளத்தில் துணைநிற்பது எது? "தொலைதூரம், வெளிப்பாடு சுழியம்" என்று நாம் எழுதும் அட்டவணைகள்தாம்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. 1941இல் பெரு நாட்டின் பால்காகோச்சா ஏரி உடைந்து வாராஸ் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அந்நாடு ஏரிகளுக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்து, சுரங்கங்களும் வடிகால்களும் வெட்டிப் பல ஏரிகளின் நீர்மட்டத்தைக் குறைத்தது. நேபாளம் 2000இல் சோ ரோல்பா ஏரியை 3 மீட்டரும், 2016இல் இம்ஜா ஏரியை 3 மீட்டருக்கும் சற்று அதிகமாகவும் தாழ்த்தியது. இவை முழுத் தீர்வுகள் இல்லை. 20 மீட்டர் அலையைச் சில மீட்டர் தாழ்வு தடுத்துவிடாது. ஆனால் வெளியேறும் நீரின் அளவைக் குறைக்கும். கீழே எச்சரிக்கை மணிக்கும் வெளியேற்றத்துக்கும் நேரம் தரும். வளம் குறைந்த நாடுகள் செய்ததை, நிலவுக்குக் கலம் அனுப்பும் நாடு "அணுக இயலாத இடம்" என்ற காரணம் காட்டித் தவிர்க்க முடியாது. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்டு 23 அன்று. ஏரி உடைந்தது அதிலிருந்து ஆறு வாரங்களில்.

வெள்ளத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் நான் சிங்தம் சென்றேன். ஏரிக்குச் செல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: நான் முனைவர் பட்டம் பெறப்போகும் ஏரியை இன்றுவரை நேரில் கண்டதில்லை. ஆற்றோரத் தெருவில், முதல் மாடியின் பாதி வரை சேற்றுக்கோடு பதிந்த ஒரு வீட்டின் முன் தேநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மையார், நான் ஏரிகளை ஆராய்பவன் என்று அறிந்ததும், "அப்படியானால் ஆபத்தான ஏரிகளின் பட்டியல் உங்களிடம் இருக்குமே?" என்று இந்தியில் கேட்டார். இருக்கிறது என்றேன். பெருமையாகக்கூடச் சொன்னேன். "அதில் எங்கள் ஊர் எத்தனையாவது இடம்?" என்றார்.

என்னிடம் விடை இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உயர் ஆபத்துள்ளவை என்று 189 ஏரிகளை இனங்கண்டிருக்கிறது. ஏரிகளுக்கு வரிசை எண் உண்டு, குறியீடு உண்டு, பரப்பு உண்டு. ஊர்களுக்கு எதுவும் இல்லை. எத்தனை ஏரிகளின் வழியில் ஓர் ஊர் இருக்கிறது, உடைந்தால் எத்தனை நிமிடத்தில் நீர் வரும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை ஊரின் பக்கம் நின்று சொல்லும் அட்டவணை என் ஆய்வேட்டில் இல்லை. பொருளை மாற்றவில்லை, தரவைக்கூட மாற்றவில்லை. அட்டவணையின் முதல் நிரலில் ஏரியின் பெயருக்குப் பதில் ஊரின் பெயரை எழுதினாலே போதும். அதைச் செய்ய எனக்குத் தோன்றாததற்குக் காரணம், நான் மேலிருந்து பார்க்கப் பழகியிருந்தேன் என்பதே.

துறையை அவமதிப்பது என் நோக்கமில்லை. தொலையுணர்வு இல்லாமல் இமயமலையின் ஆயிரக்கணக்கான ஏரிகளை எவராலும் கண்காணிக்க இயலாது. கருவிமீது எனக்கு வழக்கு இல்லை. கருவியின் பார்வைக்கோணத்தை உலகின் இயல்பாக நம்பிவிடும் சோம்பல்மீதுதான் வழக்கு. ஆகவே சக ஆய்வாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பவை நான்கு.

ஒன்று, வெளிப்பாட்டை வட்டத்தால் அளப்பதை நிறுத்துவோம். வெள்ளத்தடத்தின் வழியே, குறைந்தது அடுத்த பெரிய சமவெளி வரை அளப்போம்.

இரண்டு, ஏரி வரிசையோடு ஊர் வரிசையையும் ஒவ்வோர் ஆய்வேடும் தரட்டும். தராத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேள்வி கேட்கட்டும்.

மூன்று, முடிவுகளின் சுருக்கம் அந்த நிலத்தின் மொழிகளில் வெளிவரட்டும். தீஸ்தாவுக்கு அது நேபாளி, லெப்சா, பூட்டியா, வங்காளம். ஆங்கிலத்தில் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் எச்சரிக்கையை எச்சரிக்கை என்று அழைப்பது சொல்லை வீணாக்குவது.

நான்கு, "உள்ளூர் அறிவு" என்ற தலைப்பில் ஒரு பத்தியை ஒதுக்கிவிட்டு நகர்வதைக் கைவிடுவோம். 2007இல் லெப்சா இளைஞர்கள் தீஸ்தா படுகையின் நீர்மின் திட்டங்களை எதிர்த்துக் காங்டாக்கில் உண்ணாநிலைப் போராட்டம் இருந்தனர். சோங்கு பகுதிக்கான சில திட்டங்கள் பின்னர் கைவிடப்பட்டன. அவர்கள் பேசியதை நாம் பண்பாட்டுக் கவலை என்று வகைப்படுத்தினோம். அதில் இடர் மதிப்பீடும் இருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் நாம்.

தமிழில் "தொலைவு" என்ற சொல்லும் "தொலைந்து போதல்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த இரவில் காணாமல் போனவர்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. ஓர் இடத்தைத் தொலைவானது என்று எழுதுகையில், அங்கே யார் தொலைந்துபோனாலும் கணக்கில் வராது என்றும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

மூன்றாம் இயலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சமர்ப்பிக்கும் நாள் ஆறு மாதம் தள்ளிப்போகும்; உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும். பரவாயில்லை. புதிய அட்டவணையின் முதல் வரிசையில் சுங்தாங் இருக்கிறது, அடுத்து மங்கன், திக்சூ, சிங்தம், ரங்போ. அடுத்த கருத்தரங்கில் எவரேனும் அந்த வட்டத்தைத் திரையில் காட்டினால், இம்முறை எழுந்து கேட்பேன். நான் கேட்கத் தவறினால், அரங்கில் இருக்கும் உங்களில் ஒருவராவது கேளுங்கள்: இந்த வட்டத்துக்கு வெளியே ஆறு எங்கே போகிறது?